கோடையில் 160 மீட்டர் உண்மையிலேயே செத்துப்போகிறதா?

ஹாம், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர், ஆக உரிமம் வாங்கிய புதிதில் யாராவது ஒரு மூத்தவர் கட்டாயம் சொல்வார்: "ஏப்ரல் வந்தா லோ பேண்டை மூடி வெச்சிடு, அக்டோபர்ல பார்த்துக்கலாம்." அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு இன்னொருவர் சொன்னது அது. அந்த இன்னொருவர் ஏதோ ஒரு அமெரிக்கக் கையேட்டிலோ இங்கிலாந்துப் பத்திரிகையிலோ படித்திருப்பார். எழுதியவர் நாற்பது, ஐம்பது டிகிரி வட அட்சரேகையில் உட்கார்ந்துகொண்டு தன் வீட்டு வானத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். பதின்மூன்று டிகிரியில் இருக்கும் சென்னைக்கும் ஏழு டிகிரியில் இருக்கும் கொழும்புக்கும் அது அப்படியே பொருந்துமா என்று யாரும் கேட்பதில்லை.

கோடையில் தொலைதூரத் தொடர்பு கெடுவது உண்மைதான். ஆனால் கெடுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அலை வரும் வழியே அடைபடுவது ஒன்று. வழி திறந்திருந்தும் இரைச்சலில் காது கேட்காமல் போவது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வதால்தான் "பேண்ட் செத்துப்போச்சு" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். நோய் வேறு என்றால் மருந்தும் வேறு.

எந்த அலைகளைப் பற்றிப் பேசுகிறோம்?

லோ பேண்ட் என்று ஹாம்கள் சொல்வது பெரும்பாலும் 160, 80, 40 மீட்டர் பேண்டுகளை, அதாவது அலைவரிசைத் தொகுப்புகளை. மீட்டர் கணக்கு அலைநீளத்தைக் குறிக்கிறது, அதாவது ஓர் அலை முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரம். அலை நீள நீள அதிர்வெண் குறையும். நொடிக்கு எத்தனை முறை அலை ஆடுகிறது என்பதே அதிர்வெண். 160 மீட்டர் என்றால் 1.8 மெகாஹெர்ட்ஸ், 80 என்றால் 3.5, 40 என்றால் 7. இங்கே முக்கியமாகப் பேசப்போவது 160 பற்றி. கோடையில் அதிகம் அடிபடுவது அதுதான்.

160 மீட்டருக்கு நெருங்கிய சொந்தம் மிடில்வேவ். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவில் மிடில்வேவ் முள் 1.6 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போய் நின்றுவிடும்; அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் 160 மீட்டர் ஆரம்பம். பகலெல்லாம் உள்ளூர் நிலையம் தவிர எதுவும் கிடைக்காத அந்த ரேடியோவில், இருட்டிய பிறகு தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் இந்தியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வருவதைக் கேட்டவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி ஏற்கெனவே தெரியும்.

பகலில் அலையை விழுங்குவது எது?

ரேடியோ அலை தன் போக்கில் நேராகப் போகும். பூமியோ உருண்டை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருப்பவரை அலை எட்ட வேண்டுமானால் மேலேயிருந்து ஏதாவது ஒன்று அதைக் கீழே திருப்பிவிட வேண்டும். அதைச் செய்வது அயனி மண்டலம். சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் காற்றிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்க, அவை தனியாக அலைந்துகொண்டிருக்கும் உயரப் பகுதி அது.

அதில் நமக்கு இரண்டு அடுக்குகள் போதும். மேலே, சுமார் 200 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் எஃப் அடுக்கு. அலையைத் திருப்பிவிடுவதில் பெரும்பங்கு இதனுடையது. கீழே, சுமார் 60 முதல் 90 கிலோமீட்டரில் டி அடுக்கு. எஃப் வரைக்கும் ஏறப் பார்க்கும் அலையை வழியிலேயே விழுங்குவது இது.

எப்படி விழுங்குகிறது? அலை கடந்துபோகும்போது அங்கிருக்கும் எலெக்ட்ரான்களை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. எஃப் அடுக்கில் காற்று இல்லாததுபோல அவ்வளவு மெலிது. ஆடும் எலெக்ட்ரான் எதிலும் முட்டாமல், வாங்கிய சக்தியை அலையாகவே திருப்பித் தந்துவிடுகிறது. டி அடுக்கில் காற்று அதைவிட எத்தனையோ மடங்கு அடர்த்தி. ஆடத் தொடங்கிய எலெக்ட்ரான் பக்கத்து மூலக்கூறில் முட்டுகிறது; அலையிடமிருந்து வாங்கிய சக்தி வெப்பமாகிக் காணாமல் போகிறது. மெதுவாக ஆடும் அலை எலெக்ட்ரானை ஒரே திசையில் கூடுதல் நேரம் தள்ளுவதால் அது அதிக வேகம் பிடித்து முட்டுகிறது. அதனால் அதிர்வெண் குறையக் குறைய இழப்பு கூடும். தோராயமாகச் சொன்னால் அதிர்வெண் பாதியானால் இழப்பு நான்கு மடங்கு. பகலில் 40 மீட்டரில் சில நூறு கிலோமீட்டர் சௌகரியமாகப் பேச முடிவதும், 160 மீட்டர் ஊர் எல்லையைத் தாண்டத் திணறுவதும் இதனால்தான்.

சூரியன் மறைந்ததும் டி அடுக்கின் எலெக்ட்ரான்கள் மளமளவென்று மூலக்கூறுகளோடு திரும்ப ஒட்டிக்கொள்ளும். அடர்த்தியான இடம், கூட்டாளி கிடைக்க நேரமாகாது. எஃப் அடுக்கிலோ மறுபடி சேர ஆளே அருகில் இல்லை. இரவு முழுக்க அது மிச்சமிருக்கும். விழுங்குவது போய்விட்டது, திருப்பிவிடுவது இருக்கிறது.

இந்த வித்தியாசத்தை முதலில் கண்டவர்களில் ஒருவர் மார்க்கோனி. 1902 பிப்ரவரியில் பிலடெல்பியா என்ற கப்பலில் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டே, இங்கிலாந்தின் போல்டு நிலையம் அனுப்பிய மோர்ஸை (புள்ளியும் கோடுமான தந்திக் குறிகளை) அவர் கேட்டுக்கொண்டு வந்தார். பகலில் சுமார் 1,100 கிலோமீட்டர் தாண்டியதும் எதுவும் கேட்கவில்லை. இரவிலோ 'எஸ்' எழுத்தின் மூன்று புள்ளிகள் 3,300 கிலோமீட்டர் தாண்டியும் வந்தன. ஏன் என்று அப்போது அவருக்கு விளங்கவில்லை. அதே ஆண்டு அமெரிக்காவில் கென்னெலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் தனித்தனியே மேலே மின்சாரம் கடத்தும் அடுக்கு இருக்க வேண்டும் என்று ஊகித்தார்கள். 1924-இல் இங்கிலாந்து இயற்பியலாளர் ஆப்பிள்டன் அதைச் சோதனையில் காட்டினார்.

ஒரு விஷயத்தை இங்கேயே தெளிவாக்கிவிடுவோம். டி அடுக்கை உண்டாக்குவது வெயிலின் சூடு அல்ல, கதிர்கள். மதியம் மழை பெய்து ஊர் குளிர்ந்திருந்தாலும் 80 கிலோமீட்டர் உயரத்தில் சூரியன் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. கத்திரி வெயிலில் இரவு வியர்த்து ஊற்றினாலும் டி அடுக்குக்கு அது பகல் அல்ல. "இன்னைக்கு வெக்கை ஜாஸ்தி, அதான் சிக்னல் வரல" என்பதில் அறிவியல் ஏதும் இல்லை.

சுருக்கமாக: 160 மீட்டரில் தொலைதூரம் போக, பாதை முழுக்க இருட்டு வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கோடையின் முதல் காரணம் தானாக விளங்கும்.

முதல் காரணம்: இரவு போதவில்லை

லண்டனில் ஒருவர், நியூயார்க்கில் ஒருவர். இருவரும் 160-இல் பேச வேண்டுமானால் நியூயார்க்கில் சூரியன் மறைந்து லண்டனில் உதிப்பதற்குள் பேசிவிட வேண்டும். டிசம்பர் கடைசியில் இந்த இடைவெளி ஏறத்தாழ பத்தரை மணி நேரம். ஜூன் கடைசியில் மூன்றேகால் மணி நேரத்துக்குள் சுருங்கிவிடுகிறது. வடக்கே போகப் போக இன்னும் மோசம். "கோடையில் மூடி வை" என்ற அறிவுரை பிறந்த இடம் இதுதான். அந்தப் பாதைக்கு அது நியாயமான அறிவுரையும்கூட. 1921-இல் அமெரிக்க ஹாம்களின் சிக்னல் அட்லாண்டிக்கைத் தாண்டுமா என்று பார்க்க பால் காட்லி என்பவரை ரிசீவரோடு ஸ்காட்லாந்தின் ஆர்ட்ரோசனுக்கு அனுப்பினார்களே, அதற்கும் தேர்ந்தெடுத்தது டிசம்பர் மாதம்தான். கடற்கரையில் கூடாரம் போட்டு, நடுங்கிக்கொண்டே கேட்டு, அவர்களைப் பிடித்தும் விட்டார்.

இப்போது நம் கணக்கைப் போடுவோம். சென்னையில் ஆண்டின் மிக நீளமான பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். ஜூனிலும் பதினோரு மணி நேர இரவு உண்டு. சரி, எதிர்முனை எங்கே? சிட்னி என்று வைத்துக்கொள்வோம், சுமார் 9,100 கிலோமீட்டர். நமக்கு ஜூன் கோடை, அவர்களுக்கு நடுக்குளிர்காலம். சென்னையில் மாலை 6.37-க்குச் சூரியன் மறைகிறது. சிட்னியில் உதிக்கும்போது நமக்குப் பின்னிரவு 2.30. ஏறத்தாழ எட்டு மணி நேரம் பாதை முழுக்க இருட்டு. டிசம்பர் கடைசியிலோ மாலை 5.48 முதல் நள்ளிரவு தாண்டிப் பத்து நிமிடம் வரைதான், ஆறேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல்.

அதாவது சென்னை–சிட்னிப் பாதைக்கு இருட்டு அதிகம் கிடைப்பது நம் கோடையில். தெற்கு அரைக்கோளத்தை நோக்கிய பாதைகள் பெரும்பாலும் இப்படித்தான். ஒரு முனையில் கோடை என்றால் மறுமுனையில் குளிர்காலம். பாதைக்கென்று தனியாக ஒரு பருவம் கிடையாது. வட அமெரிக்கர்களும் இதை அறிவார்கள். ஜூலை விடியலில் ஆஸ்திரேலியாவையும் நியூசிலாந்தையும் 160-இல் பிடிப்பதற்கென்றே எழுந்து உட்காரும் ஆட்கள் அங்கே உண்டு.

ஏன் விடியலில்? ஒரு முனையில் சூரியன் உதிக்கும் அல்லது மறையும் சமயத்தில் சிக்னல் சில நிமிடங்கள் துள்ளி எழுவதுண்டு. பகலையும் இரவையும் பிரிக்கும் அந்த அந்திப் பட்டையை ஹாம்கள் கிரே லைன் என்பார்கள். சிட்னிக்காகக் காத்திருப்பவர் பின்னிரவு இரண்டரையை ஒட்டிய அரை மணி நேரத்தைத் தவறவிடக் கூடாது. தூக்கம் பாதிப்புதான், வேறு வழியில்லை.

இரண்டாவது காரணம்: இடி

வழி திறந்திருக்கிறது என்றால் ஏன் கேட்பதில்லை?

மின்னல் ஒவ்வொன்றும் ஒரு ரேடியோ ஒலிபரப்பு. எந்த அலைவரிசை என்று பார்க்காமல் எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில் கத்தும். அதன் சக்தி மிகக் குறைந்த அதிர்வெண்களில்தான் குவிந்திருக்கிறது, மேலே போகப் போகக் குறையும். அதனால் 20 மீட்டரில் லேசாகப் பொரிவது 160-இல் காதைப் பிளக்கும். செயற்கைக்கோள் கணக்குப்படி உலகம் முழுவதும் நொடிக்குச் சராசரியாக 45 மின்னல்கள். பெரும்பாலும் நிலத்தின் மேல், அதுவும் கோடை நிலத்தின் மேல். நிலம் அதிகம் இருப்பது வடக்கு அரைக்கோளத்தில். ஜூன், ஜூலையில் எந்தப் பக்கம் இரைச்சல் அதிகம் என்று சொல்லவே வேண்டாம்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. இரைச்சலுக்கு நம் ஊரில் இடி இடிக்க வேண்டும் என்பதில்லை. மின்னலின் ரேடியோ அலையும் அதே எஃப் அடுக்கில் பட்டு வருகிறது, டி அடுக்கு போனதும் அதற்கும் பாதை திறக்கிறது. வானம் துடைத்து வைத்ததுபோல இருக்கும் இரவில் ரிசீவர் படபடவென்று பொரிந்தால், ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் எங்கோ கொட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பாதை நன்றாக இருக்கும் இரவில் இரைச்சலும் நன்றாக வரும். செத்த பேண்டில் இரைச்சலும் செத்திருக்க வேண்டுமே!

தகரக் கூரை வீட்டில் மழைக்கு ஒதுங்கி, வாசலில் நிற்பவர் பேச்சைக் கேட்க முயல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் குரல் குறையவில்லை. கூரை சத்தம்தான் மூடுகிறது. நம் காதில் ஏதாவது கருவியை மாட்டி எல்லாவற்றையும் பெரிதாக்கினால் மழையும் சேர்ந்துதான் பெரிதாகும். முக்கியம் குரலின் அளவு அல்ல, குரலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம். ரேடியோவில் இதைச் சிக்னல்–இரைச்சல் விகிதம் என்கிறோம். கோடை கெடுப்பது இந்த விகிதத்தை.

இன்னொன்று, வாசலில் இருப்பவருக்குத் தகரக் கூரை இல்லை. நாம் பேசுவது அவருக்குத் தெளிவாகக் கேட்கும். ஜூனில் சென்னைக்காரர் கூப்பிடுவது சிட்னியில் அமைதியான குளிர்கால இரவில் சுத்தமாகக் கேட்கலாம். சிட்னிக்காரர் பதில் சொல்கிறார், திரும்பத் திரும்பச் சொல்கிறார், இங்கே இடி இரைச்சலில் ஒன்றும் புரிவதில்லை. அலைக்குப் பாதை இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது. இரைச்சல் மட்டும் ஒருபக்கம். சென்னைக்காரர் "யாரும் பதில் தரல, பேண்ட் செத்துப்போச்சு" என்று எழுதிவைத்துவிட்டுத் தூங்கப் போகிறார்.

இதற்கு அடுத்து அவர் செய்வது பவரைக் கூட்டுவது. நூறு வாட்டை நானூறு ஆக்கினால் எதிர்முனையின் மீட்டரில் ஒரே ஒரு எஸ் யூனிட் ஏறும். எஸ் யூனிட் என்பது ரிசீவர் முகப்பில் சிக்னல் பலத்தைக் காட்டும் ஒரு படி. ஏற்கெனவே நன்றாகக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு இன்னும் நன்றாகக் கேட்கும், அவ்வளவுதான். நம் காதுக்கு அதனால் காலணா பிரயோஜனம் இல்லை.

சுருக்கமாக: வடக்கே உயர்ந்த அட்சரேகையில் கோடை இரவையும் திருடுகிறது, காதையும் அடைக்கிறது. நம் பக்கத்தில் இரவு அப்படியே இருக்கிறது. காதடைப்புதான் பெரிய பிரச்சினை.

அப்படியானால் நம் காலண்டர் என்ன?

இடியை வைத்துத்தான் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஏப்ரல், மே கோடை இடிமழைக் காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை உள்மாவட்டங்களிலும் சென்னையிலும் மாலை, முன்னிரவு இடிமழைகள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயத்தில் மறுபடி பலத்த மின்னல். மூத்தவர் சொன்ன "அக்டோபர்ல பார்த்துக்கலாம்" நம் வானத்துக்கு எவ்வளவு பொருத்தம் என்று நீங்களே முடிவு செய்யலாம். அமைதியான மாதங்கள் ஜனவரியும் பிப்ரவரியும். ஒவ்வொரு நாளிலும்கூட வித்தியாசம் உண்டு. மாலையில் கொட்டித் தீர்த்த மேகங்கள் நள்ளிரவுக்குமேல் அடங்கிவிடும் நாட்களில், பின்னிரவு பேண்ட் மாலையைவிடப் பல மடங்கு சுத்தம்.

ஒரு பாக்கெட் ரேடியோ போதும்

இதைப் பரிசோதிக்க ஹாம் செட் தேவையில்லை. மிடில்வேவ் உள்ள சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவை எடுத்து இரவு ஒன்பது மணிக்கு மொட்டைமாடிக்குப் போங்கள். தூரத்து நிலையம் ஒன்றைப் பிடித்துவிட்டு, ரேடியோவைப் படுக்கைவாக்கில் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு கோணத்தில் நிலையம் மங்கிவிடும். உள்ளே ஆன்டெனாவாக இருக்கும் கறுப்பு ஃபெரைட் கம்பியின் நுனி அப்போது அந்த நிலையத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தத் திசை ஆன்டெனாவுக்குக் குருடு. அடுத்து, நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து இடிப் பொரிச்சலைக் கேட்டுக்கொண்டே சுற்றுங்கள். புயல் ஒரே திசையில் இருந்தால் பொரிச்சலும் ஒரு கோணத்தில் அடங்கும். அப்புறம் வீட்டுக்குள் வந்து எல்இடி பல்புக்கும் இன்வெர்ட்டருக்கும் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். 'உர்ர்ர்' என்று ஒரே சீராக வருவது இடி அல்ல, நம் வீட்டுச் சாமான். இடி வெடிவெடியாக, நடுவே இடைவெளி விட்டு வரும். இது விடாமல் வரும். கோடையின் மேல் போடும் பழியில் பாதி இந்த உர்ருக்குச் சேர வேண்டியது, அதைச் சுவிட்சை அணைத்தே சரிசெய்யலாம்.

கேட்பதற்குத் தனி ஆன்டெனா

அந்தச் சுற்றும் வித்தைதான் லோ பேண்ட் ஹாம்களின் ரகசியமும். அனுப்ப உயரமான ஆன்டெனா, கேட்கத் தனியாக இன்னொன்று. கேட்கும் ஆன்டெனா பலமான சிக்னல் தர வேண்டியதில்லை. இரைச்சல் வரும் திசைக்குக் குருடாக இருந்தால் போதும். காட்லி ஆர்ட்ரோசனில் கட்டியது ஹெரால்டு பெவரேஜ் கண்டுபிடித்த நீளக் கம்பி ஆன்டெனா. 160 மீட்டருக்கு அது நூற்றைம்பது, இருநூறு மீட்டர் நீளம் கேட்கும். தென்னந்தோப்பு வைத்திருப்பவர் யோசிக்கலாம்.

மாடிவீட்டுக்காரருக்கு ஒரு மீட்டர் விட்டமுள்ள சுற்றுக்கம்பி, அதாவது லூப், போதும். ஆனால் லூப்புக்கு ஒன்றுக்கொன்று எதிரெதிராக இரண்டு குருட்டுத் திசைகள் உண்டு. சென்னையிலிருந்து சிட்னி தென்கிழக்கே இருக்கிறது. மே மாத மாலையில் வங்காளத்தில் கால்பைசாகி இடிமழை அடித்தால் அது நமக்கு வடகிழக்கு, சிட்னிக்குச் செங்குத்தான திசை. லூப் அதை அழகாக மறைத்துவிடும். இடி திருப்பதிப் பக்கம் வடமேற்கில் என்றால் கதை வேறு. அது சிட்னிக்கு நேர் எதிர்த் திசை. இடியை மறைக்கத் திருப்பினால் சிட்னியும் சேர்ந்து மறையும். அதற்கு ஒரு பக்கம் மட்டும் கேட்கும் ஆன்டெனா வேண்டும். ஃபிளாக் என்று ஒரு வகை, செவ்வகச் சுற்றுக்கம்பியின் ஒரு முனையில் ரெசிஸ்டர் வைத்தது, மாடியிலேயே கட்டிவிடலாம்.

காதுக்குப் பதில் கம்ப்யூட்டரைக் கேட்க வைப்பது இன்னொரு வழி. 1993-இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லர், தானும் ஒரு ஹாம், 2008-இல் விஸ்பர் என்ற முறையை வெளியிட்டார். சிறு தகவலை ஏறத்தாழ இரண்டு நிமிடம் இழுத்து, பிழைதிருத்தக் குறியீட்டோடு அனுப்புவது. நடுவே சில துண்டுகளை இடி தின்றாலும் மிச்சத்தை வைத்துத் தகவலை மீட்டுவிடும். குரலும் மோர்ஸும் இல்லாத கோடை இரவுகளிலும் தொலைதூர விஸ்பர் பதிவுகள் வருவது, பாதை திறந்துதான் இருக்கிறது என்பதற்கு நேரடிச் சாட்சி. பேண்ட் காலியாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: எல்லோரும் செத்துவிட்டது என்று நம்பி ரேடியோவை அணைத்துவிடுவது. மாசசூசெட்ஸைச் சேர்ந்த 160 மீட்டர் முன்னோடி ஸ்டூ பெர்ரியின் பெயரில் நடக்கும், தூரத்துக்கேற்ப மதிப்பெண் தரும் போட்டிக்கு டிசம்பரோடு ஜூனிலும் ஒரு பதிப்பு இருக்கிறது. அன்று பேண்ட் திடீரென்று உயிர்பெறுவதைக் கேட்கலாம்.

இன்னும் கீழே போனால்

472 முதல் 479 கிலோஹெர்ட்ஸ் வரையும், 135.7 முதல் 137.8 வரையும் இரண்டு சின்னத் துண்டுகள் உலக மாநாடுகளில் ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்டன. முதலாவது 2012-இல், இரண்டாவது 2007-இல். 136 கிலோஹெர்ட்ஸில் விளையாட்டு விதியே மாறுகிறது. அவ்வளவு நீண்ட அலை டி அடுக்குக்குள் நுழைந்து கரைவதைவிட, அதன் அடிவிளிம்பில் பட்டுத் திரும்பவே செய்கிறது. அதனால் பகலிலும் ஓரளவு நிலையான சிக்னல், இரவில் இன்னும் தூரம். ஆன்டெனாதான் சோதனை: அலைநீளம் 2,200 மீட்டர், கால் அலை கம்பம் வேண்டுமென்றால் 550 மீட்டர் உயரம். பதினைந்து மீட்டர் கம்பத்தில் கொட்டும் சக்தியில் பெரும்பகுதி மண்ணுக்கும் கம்பிச்சுருளுக்கும் போய்விடும். இடி இரைச்சல் இங்கே 160-ஐவிட அதிகம்.

ஆன்டெனாவைக் கழற்றும் நேரம்

கோடை இரவில் லோ பேண்ட் கேட்பவருக்கு ஒரு பழக்கம் கட்டாயம். ரிசீவரில் வெடிகள் நெருங்கி வரத் தொடங்கினால், இடிச்சத்தம் காதில் விழும்வரை காத்திருக்காமல் அப்போதே நிறுத்த வேண்டும். ஆன்டெனா கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி, ஜன்னலுக்கு வெளியே போட்டு, மின் பிளக்கையும் பிடுங்கி வையுங்கள். செட்டில் செருகியபடி சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. கழற்ற மறந்த நிலையில் இடிச்சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டால் கேபிளைத் தொடப் போகாதீர்கள். செட் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். கடைசி இடிச்சத்தம் கேட்டு அரை மணி நேரம் கழித்துத் திரும்ப மாட்டுங்கள். அதற்குள் பெரும்பாலும் நள்ளிரவு தாண்டியிருக்கும், சிட்னி விடிய இன்னும் நேரமிருக்கும்.